அரசர் நிழலும் அறவோர் நடையும்

அநுராதபுரத்துக்குச் செல்வோர் அபயகிரித் தூபியைக் காணாது திரும்புவதில்லை. செங்கல்லாலாகிய அம்மாபெருங் குன்றின் முன் நின்று அண்ணாந்து நோக்குவோருள், அதன் பெயரின் பிற்பாதி ஒரு சமணத் துறவியின் பெயர் என்பதை அறிந்தவர் மிகச் சிலராகவே இருப்பர். மகாவமிசம் கூறும் வரலாறு இது. பண்டுகாபயன் என்னும் மன்னன் தன் தலைநகரை வகுத்தபோது நிகண்டர் சிலர்க்கு உறைவிடங்கள் அமைத்துக் கொடுத்தான். அவன் எடுப்பித்த ஆராமம் ஒன்றில் இருபத்தொரு மன்னர் காலம் அவர்கள் இடையறாது வாழ்ந்தனர். பின்னர், கி. மு. 103 அளவில், வட்டகாமணி அபயன் தமிழ்ப் படைத்தலைவர்க்குத் தோற்று நகரைவிட்டு ஓடினான். அவ்வழியில் நின்ற கிரி என்னும் நிகண்டன், மன்னன் ஓடுவதைக் கண்டு உரத்த குரலில் எள்ளி நகைத்தான். பதினான்கு ஆண்டுகள் கழித்து அரியணையை மீட்ட மன்னன் அவ்வேச்சை மறந்திலன். ஆராமத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, அவ்விடத்திற் பன்னிரண்டு அறைகள் கொண்ட விகாரையை எழுப்பினான். தன் பெயரோடு நிகண்டன் பெயரும் சேர, அஃது அபயகிரி எனப்பட்டது.

நிகண்டர் என்போர் நிர்க்கிரந்தர்; பற்றாகிய கட்டுகளை அறுத்தோர் என்பது பொருள். தமிழ் நூல்கள் சமணர் என்றும் அமணர் என்றும் கூறுவது இவர்களையே. பண்டுகாபயன் காலத்திலும் கிரி என்றொரு நிகண்டன் இருந்தான் என அந்நூலே முன்னர்க் கூறியிருத்தலின், கிரி என்பது அப்பள்ளியின் தலைவர்க்கு வழிவழி வந்த பெயராகவும் இருக்கலாம். இக்கதையைச் சொன்னவர் பௌத்தத் துறவி என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். இடிக்கப்பட்டவர் தரப்பில் எழுதப்பட்ட வரலாறு நம் கைக்கு வந்திலது.

சமணம் அரசர் ஆதரவினாற் பரவியது; அவ்வாதரவு நீங்கியபோது தளர்ந்தது என்பது பாடநூல்கள் பலவற்றிலும் காணப்படும் கூற்று. ஈழத்தைப் பொறுத்தவரை அது பொருந்துவதாகவே தோன்றுகின்றது. ஓர் அரசன் அமைத்தான். ஓர் அரசன் இடித்தான். அதன்பின் நிகண்டரைப் பற்றிய பேச்சு நம் வமிச நூல்களில் அருகி மறைகின்றது. ஆயின் பாரத நாட்டில் இதே கதை ஒரு முறையன்று, பல முறை நிகழ்ந்தது. கொடுத்த கைகளும் இருந்தன. இடித்த கைகளும் இருந்தன. அசோகனும் ஹர்ஷனும் பால மன்னரும் போற்றிய பௌத்தம் தான் பிறந்த நாட்டின் பெரும் பகுதியில் இல்லாதொழிந்தது. சமணமோ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் தன் பழைய ஒழுக்கத்தோடு அங்கே நிலைத்திருக்கின்றது. அரசர் நிழலே அதன் உயிராயின், நிழல் விலகிய இடந்தோறும் அஃது உலர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமையின் காரணம் யாது?

மகதத்திலிருந்தே தொடங்குவோம். வர்த்தமான மகாவீரர் அரச குலத் தொடர்பு இல்லாதவர் அல்லர். அவருடைய தாய் திரிசலை வைசாலியின் தலைவன் சேடகனுடைய நெருங்கிய உறவினள். சேடகனுடைய மகள் சேலனை மகத மன்னன் சிரேணிகனை மணந்தவள். சமண நூல்கள் சிரேணிகனை மகாவீரருடைய அடியவன் என்கின்றன. இவனைப் பௌத்த நூல்கள் பிம்பிசாரன் என்று அழைத்துப் புத்தருடைய அடியவன் என்று போற்றுகின்றன. இவன் மகன் அசாதசத்துருவின் நிலையும் இதுவே. இரு சாராரும் ஒருவரையே உரிமை கொண்டாடுவதைக் கண்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. துறவோர் எவராயினும் வணங்குதல் அக்கால வேந்தர் வழக்கம். வணங்கியவர் எல்லாம் தம்மவரே என்று எழுதிவைத்தல் பிற்கால ஆசிரியர் வழக்கம்.

சந்திரகுப்த மௌரியனைப் பற்றிய கதையையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பன்னீராண்டுப் பஞ்சம் வரும் என்று உணர்ந்த பத்திரபாகு முனிவர் தம் கூட்டத்தோடு தெற்கே வந்ததும், பேரரசைத் துறந்த சந்திரகுப்தன் அவருடன் சிரவணபெளகுளத்துக் குன்றில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததும் கன்னட நாட்டிற் பெரிதும் வழங்கும் வரலாறு. கேட்பதற்கு உருக்கமானது. ஆனால் அக்குன்றிலுள்ள மிகப் பழைய கல்வெட்டு கி. பி. 600 அளவினது. அது பத்திரபாகு பஞ்சத்தை முன்னறிந்ததைக் கூறுகின்றது, சந்திரகுப்தனைக் கூறவில்லை. இருவர் பெயரும் சேர்ந்து வருவது அதற்கு அரை நூற்றாண்டு பிற்பட்ட கல்வெட்டில். நிகழ்ச்சிக்கும் சான்றுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு இடைவெளி. அசோகனுடைய பேரன் சம்பிரதி ஆந்திரத்துக்கும் திராவிடத்துக்கும் முனிவர் செல்ல வழிசெய்தான் என்பதும் சமண நூல்களின் கூற்றே.

கல்லிற் காணும் உறுதியான சான்று அசோகனிடமிருந்தே வருகின்றது. அவன் தன் ஏழாம் தூண் சாசனத்தில், தரும மகாமாத்திரர் என்னும் அதிகாரிகள் பௌத்த சங்கம், பிராமணர், ஆசீவகர் ஆகியோரோடு நிர்க்கிரந்தர் நலனையும் கவனிப்பர் என்று பொறித்தான். அவ்வளவே. பராபர் குன்றில் அவன் குடைவித்த குகைகள் ஆசீவகர்க்கு உரியன. இன்று அவ்வாசீவகர் எங்கே? பேரரசன் குகை குடைந்து கொடுத்த ஒரு சமயம், பளபளக்கும் அக்குகைச் சுவர்களை மாத்திரம் விட்டுவிட்டு உலகினின்றும் மறைந்துபோயிற்று.

சமணத்தை உளமார ஆதரித்த வேந்தன் ஒருவனைக் காண விரும்புவோர் கலிங்கத்துக்குச் செல்லவேண்டும். புவனேசுவரத்துக்கு அண்மையில் உதயகிரிக் குன்றில் யானைக் குகை எனப்படும் இயற்கைக் குகையின் நெற்றியில், பதினேழு வரிகளில் ஒரு நீண்ட கல்வெட்டு உள்ளது. மழையும் காற்றும் குளவிகளும் அரித்த எழுத்துகள் அவை. 1837 இல் பிரின்செப் அதனை அச்சிட்டு வெளியிட்டார். அன்றுதொட்டு இன்றுவரை அறிஞர் ஒவ்வொரு சொல்லுக்கும் வாதிட்டு வருகின்றனர். காலம் கி. மு. இரண்டாம் நூற்றாண்டு என்பாரும் முதலாம் நூற்றாண்டு என்பாரும் உளர். அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் அச்சாசனம் காரவேலன் என்னும் மன்னனுடைய ஆட்சியை ஆண்டு ஆண்டாகச் சொல்லிச் செல்கின்றது. இருபத்து நான்காம் வயதில் முடி சூடினான். புயலில் இடிந்த கோட்டை வாயில்களைச் செப்பனிட்டான். நந்த மன்னன் வெட்டிய கால்வாயைத் தன் நகர்வரை நீட்டினான். தமிழ் நாட்டரசர் கூட்டணி ஒன்றை உடைத்தான். பாண்டியனிடமிருந்து முத்தும் மணியும் பெற்றான்.

நமக்கு இங்கே வேண்டுவது பன்னிரண்டாம் ஆண்டின் செய்தி. முன்னொரு காலத்தில் நந்த மன்னன் ஒருவன் கலிங்கத்திலிருந்து கவர்ந்து சென்ற கலிங்க சினனின் திருவுருவைக் காரவேலன் மகதத்தை வென்று மீட்டுவந்தான் என்று பெரும்பாலான அறிஞர் அவ்வரியைப் படிக்கின்றனர். எண்ணிப் பார்க்குமிடத்து இது வியப்பான செய்தி. எறும்புக்கும் தீங்கு எண்ணாத அறத்தின் தலைவனுடைய உருவம், வென்ற வேந்தன் யானைமேல் ஏற்றிச் செல்லும் கொள்ளைப் பொருளாகவும், தோற்ற நாட்டினர் திரும்பப் பெறத் துடிக்கும் மானப் பொருளாகவும் ஆகிவிட்டது. நந்தன் அதனைக் கவர்ந்தது வெறுப்பினால் என்று சொல்வதற்கில்லை. உடைக்காமல் கொண்டுபோய் வைத்திருந்தான் அல்லவா? காரவேலன் மீட்டதும் பக்தியினால் மாத்திரம் அன்று. அரசன் ஒரு சமயத்தைத் தழுவும்போது அச்சமயமும் அவன் கொடியோடு சேர்ந்து போருக்குச் செல்ல நேர்கின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு கிடைப்பது அரிது.

பதிமூன்றாம் ஆண்டில் அவன் குமரிக் குன்றில் துறவியர்க்குக் குகைகள் குடைவித்தான். அவனுடைய பட்டத்தரசியும் கலிங்கத்துத் துறவியர்க்காக ஒரு குகை செய்வித்தாள். அவள் கல்வெட்டு இன்றும் உண்டு. இத்துணை ஆர்வமுடைய மன்னனே தன் சாசன முடிவில், எல்லாச் சமயத்தாரையும் போற்றுபவன், எல்லாத் தேவர் கோயில்களையும் புதுக்குபவன் என்று தன்னைக் கூறிக்கொள்கின்றான். காரவேலனுக்குப் பின் அவன் மரபு வரலாற்றில் விரைந்து மங்கிவிடுகின்றது. ஆயினும் கி. பி. ஏழாம் நூற்றாண்டிற் கலிங்கத்துக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்குள்ள புறச் சமயத்தாருள் மிகுதியானவர் நிர்க்கிரந்தரே என்று எழுதினார். காரவேலன் குலம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. அவன் குகை குடைந்து கொடுத்தவர்களின் வழியினர் மறையவில்லை. அத்தனை காலமும் அவர்களுக்குச் சோறிட்டவர் யாவர்?

இவ்வினாவுக்கு விடை சமணத் துறவியின் அன்றாட ஒழுக்கத்திலேயே இருக்கின்றது. அவர் ஊர்தியில் ஏறுவதில்லை; எவ்வளவு தொலைவாயினும் நடந்தே செல்வார். இரவில் உண்பதில்லை. தமக்கென்று சமைத்த உணவை ஏற்பதில்லை. மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்திலே தங்கவேண்டும். ஆகவே, எதனைக் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கலாகாது என்று அறிந்த இல்லறத்தார் வாழும் ஊர்களில் மாத்திரமே அவர் தங்கவும் நடமாடவும் இயலும். இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. துறவிக்குரிய பத்துக் கற்பங்கள் என்று இரு பிரிவினரும் எண்ணும் ஒழுக்கங்களுள் ஒன்று, இராசபிண்டம் கொள்ளாமை. அஃதாவது, அரசன் வீட்டுச் சோற்றை ஏற்காமை. அரண்மனை வாயிலில் யானையும் குதிரையும் காவலரும் நெருங்குவர். உண்டியோ நாவை மயக்கும். அங்கே துறவிக்கு என்ன வேலை? அரசர் ஆதரவினாற் பரவிய சமயம் என்று நாம் எழுதிவைத்திருக்கும் ஒரு சமயத்தின் முனிவர், அவ்வரசன் வீட்டுச் சோற்றை உண்ணலாகாது! இவ்விதியை அறிந்தபின் அப்பாடநூல் வாக்கியத்தை நான் பழையபடி படித்ததில்லை.

வடமதுரையில் கங்காளி மேடு என்னும் இடத்தில் 1888 முதல் 1891 வரை நிகழ்ந்த அகழ்வில் வெளிப்பட்ட சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் இதற்குக் கண்கண்ட சான்று. அவற்றைப் படித்த பூலர் என்னும் அறிஞர், கற்பசூத்திரம் கூறும் கணங்கள், குலங்கள், சாகைகள் ஆகியவற்றின் பெயர்கள் அக்கற்களிலும் இருத்தலைக் காட்டினார். கனிஷ்கன், ஹுவிஷ்கன், வாசுதேவன் என்னும் குஷாண வேந்தரின் பெயர்கள் அங்கே வருகின்றன. எதற்காக? ஆண்டைக் குறிப்பதற்காக மாத்திரம். கொடுத்தவர் பட்டியலைப் பார்த்தால் பொற்கொல்லர், கந்தப் பொருள் விற்போர், சாத்துத் தலைவர், ஊர்த்தலைவர் ஆகியோரின் மனைவியரும் மக்களும் மருமக்களும் வரிசையாக நிற்கின்றனர். மிகப் பழைய சரசுவதி உருவம் என்று இன்று கருதப்படும் சிலை அங்கே கிடைத்தது. அதனை 54 ஆம் ஆண்டில் நிறுவியவன் சிகன் மகனாகிய கோவன் என்னும் கொல்லன். கல்விக் கடவுளுக்கு உருச் சமைத்துக் கொடுத்தவன் உலைக்களத்தில் உழைத்தவன்! இலவணசோபிகை என்னும் கணிகையின் மகளும் தானே கணிகையுமாகிய வசு என்பாள், தாயோடும் உடன்பிறந்தாரோடும் மக்களோடும் கூடி அருகனுக்குக் கோட்டமும் தண்ணீர்ப் பந்தலும் வழிபாட்டுக் கற்பலகையும் அமைத்தாள். கொடையாளருட் பெண்டிர் மிகப் பலர். அவர்களைக் கொடைக்கு ஏவியவராகத் துறவியரின் பெயரும் குறிக்கப்பெறுகின்றது. அவருள் பெண் துறவியரும் பலர். இன்ன ஆசிரியரின் மாணவி, இன்னாள் சொற்படி, இன்னாளின் கொடை என்று செல்லும் அவ்வாசகங்களைப் படிக்கும்போது, அந்நகரத்துத் தெருவொன்றில் வாயில்தோறும் நின்று பேசிச் செல்லும் துறவியரை நாம் காண்பதுபோன்ற உணர்வு தோன்றுகின்றது.

தமிழகத்து மலைக் குகைகளும் இதையே மொழிகின்றன. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882 இல் இராபர்ட் சீவல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அவற்றில் இருத்தலை 1960களில் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். கி. மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனப்படும் அக்கல்வெட்டுகளில் அரசன் தானே கொடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை. கணி நந்தன் என்னும் முனிவர்க்குப் பள்ளி கொடுப்பித்தவன் நெடுஞ்செழியனுடைய பணியாளனாகிய கடலன் வழுதி. இன்னொரு பள்ளி செய்தவன் அவ்வரசனுடைய மைத்துனனாகிய சடிகன். அதே குன்றில் வெள்ளறை நிகமத்தோர், அஃதாவது வணிகக் குழுவினர், தம் பெயரையும் பொறித்திருக்கின்றனர். அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் என்று மதுரைக் கடைத்தெருவே திரண்டு வந்து நிற்கின்றது. கருவூருக்கு அண்மையிலுள்ள புகழூரில் சேர இளவரசன் ஒருவன், தான் இளங்கோ ஆனபோது செங்காயபன் என்னும் முதிய அமணர்க்குக் கல் அறுப்பித்தான். அது மூன்று தலைமுறைச் சேரர் பெயரைத் தரும் அரிய கல்வெட்டு. அங்கேயே கருவூர்ப் பொன் வணிகன் ஒருவனுடைய கொடையும் உண்டு.

குகை செய்ய ஒரு நாள் போதும். நாள்தோறும் பிச்சையிட ஊர் வேண்டும். இக்குகைகள் பல பழைய பெருவழிகளுக்கு அருகிலே அமைந்திருப்பது தற்செயல் அன்று. வணிகச் சாத்து சென்ற வழியே முனிவர் நடந்தனர். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்கு வழித்துணையாய் வரும் சமணத் துறவி கவுந்தியடிகள், யாருடன் நடக்கின்றார்? அரசனுடன் அன்று; பெருவணிகன் மகனுடனும் அவன் மனைவியுடனும்.

இவ்வாறு கூறுவதால் அரசர் செய்தவை சிறியன என்பது பொருளன்று. கன்னட நாட்டை நோக்குவோர் அவ்வாறு சொல்லத் துணியார். ஐந்தாம் நூற்றாண்டிற் கதம்ப மன்னன் மிருகேசவர்மன் ஓர் ஊரை மூன்று கூறாக்கி, ஒன்றினை அருகன் கோயிலுக்கும், ஒன்றினை வெள்ளாடைத் துறவியர் சங்கத்துக்கும், ஒன்றினை நிர்க்கிரந்தர் சங்கத்துக்கும் அளித்தான். கதம்பர் பிராமண குலத்தினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஐகொளெயில் கி. பி. 634 இல் இரவிகீர்த்தி எடுத்த சினாலயத்தின் சுவரிலேதான் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகள் பொறிக்கப்பட்டன. தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் ஒப்பாகச் சொல்லிக்கொள்ளும் துணிவும் அக்கவிஞனுக்கு இருந்தது. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆதிபுராணம் இயற்றிய சினசேனரைக் குருவாகக் கொண்டவன். எனினும் நாட்டுக்கு வந்த இடரைப் போக்கத் தன் விரலை அறுத்து மகாலட்சுமிக்குக் காணிக்கையாக்கினான் என்று சஞ்சான் செப்பேடு கூறும். அரசனுடைய சமயம் எது என்று ஒரு சொல்லில் விடை தேடும் நம் காலத்தவர்க்கு இஃது இடர்தரும் செய்தி. அவன் காலத்தவர்க்கு இதில் முரண் ஒன்றும் தோன்றியிராது. கங்க மன்னன் மாரசிங்கன் கி. பி. 975 அளவில் வங்காபுரத்திலும், இராட்டிரகூட மரபின் கடைசி உரிமையாளன் நான்காம் இந்திரன் 982 இல் சிரவணபெளகுளத்திலும் சல்லேகனை நோன்பிருந்து உயிர்விட்டனர். சந்திரகுப்தன் கதையை நம்பத் தயங்கிய நாம் இவற்றை நம்பாதிருக்க முடியாது.

ஆயினும் அந்நாட்டின் மிகப் பெரிய சமணச் சின்னத்தைச் செய்தவன் அரசன் அல்லன். இந்திரகிரி உச்சியில் ஒரே கருங்கல்லில் ஏறத்தாழ ஐம்பத்தெட்டு அடி உயர்ந்து நிற்கும் கொம்மடேசுவரரைப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியவன், கங்க மன்னன் இராசமல்லனுடைய அமைச்சனும் படைத்தலைவனுமாகிய சாவுண்டராயன். அச்சிலையின் அடியில் அவன் செய்வித்தான் என்னும் செய்தி மூன்று மொழிகளில் உள்ளது. கன்னடம் ஒன்று, மராத்தி ஒன்று, மற்றொன்று தமிழ். கிரந்தமும் வட்டெழுத்துமாகப் பொறிக்கப்பட்ட அத்தமிழ் வரி, அக்குன்றை நாடித் தமிழரும் வந்தனர் என்பதற்கு அடையாளம். அரசன் பெயர் அவ்வரிகளில் இல்லை.

அச்சிலையைப் பற்றி ஒரு செவிவழிக் கதை வழங்குகின்றது. சாவுண்டராயன் குடங்குடமாகப் பால் சொரிந்தும் அது சிலையின் இடைக்குக் கீழே இறங்கவில்லையாம். வறிய மூதாட்டி ஒருத்தி சிறு காயின் ஓட்டில் கொணர்ந்த பாலை ஊற்றியவுடன் அது பாதம்வரை ஓடிக் குன்றையே நனைத்ததாம். குள்ளகாயி அச்சி என்று அவளைக் கன்னடர் அழைப்பர். சிலைக்கு எதிரே அவள் உருவமும் நிற்கின்றது. பன்னீராண்டுக்கு ஒருமுறை நிகழும் மகாமத்தகாபிடேகம் 2018 இலும் நிகழ்ந்தது. அங்கே திரண்ட இலட்சக்கணக்கானோர் அவளையும் கடந்தே சென்றனர். கதை நிகழ்ந்ததோ இல்லையோ, பெருங்கொடையாளனுடைய சிலைக்கு முன்னேயே அவனுடைய செருக்கை அடக்கும் கதையை அச்சமூகம் ஆயிரம் ஆண்டாகச் சொல்லிவருவது எனக்குப் பொருள் பொதிந்ததாகவே படுகின்றது.

அரசர் தந்த ஊர்களாலும் நிலங்களாலும் சமணத்துக்கு ஒரு கேடும் நேர்ந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. நடந்து திரியவேண்டிய துறவியர் சிலர் கோயில்களிலே நிலையாகத் தங்கிச் சொத்துகளை மேற்பார்க்கலாயினர். கூர்ச்சரத்தில் இவர்களைச் சைத்தியவாசிகள் என்பர். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் சினேசுவர சூரி என்பார் அணகில்வாட அரசவையிலேயே இவர்களை வாதில் வென்றார் என்று கரதர கச்சத்தார் கூறுவர். துறவியைத் துறவியாக இருக்கச்செய்ய அரசவையின் தீர்ப்பு வேண்டியிருந்தது!

அதே கூர்ச்சரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் குமாரபாலன் ஹேமசந்திரரை ஆசானாகக் கொண்டு, தன் நாடெங்கும் உயிர்க்கொலையைத் தடுத்தான். சோமநாதர் கோயிலையும் அவனே புதுப்பித்தான். அவனுக்குப் பின் முடிசூடிய அசயபாலன் சமணக் கோயில்களை இடிக்கச் செய்தான் எனச் சமண ஆசிரியர் வருந்தி எழுதியுள்ளனர். ஆனால் அதற்கு அறுபது ஆண்டுக்குள், 1231 இல், வணிகக் குலத்து அமைச்சனாகிய தேசபாலன் ஆபு மலையிற் பளிங்கினால் நேமிநாதர் கோயிலை எடுப்பித்தான். இடித்த மன்னன் பெயரை இன்று அறிந்தவர் சிலர். அப்பளிங்கைக் காணச் செல்பவர் பல்லாயிரவர்.

போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் வைணவனான கதை யாவரும் அறிந்தது. அவன் அரசி சாந்தலை சமணத்தை விடவில்லை. 1123 இல் சிரவணபெளகுளத்தில் ஒரு பசதியைக் கட்டினாள். அவன் தண்டநாயகன் கங்கராசன் கொம்மடேசுவரரைச் சுற்றி ஆலயம் எடுப்பித்தான். அச்செய்தியும் சிலையின் அடியில் தமிழிலும் பொறிக்கப்பட்டது. ஒரே அரண்மனையில் அரசனும் அரசியும் தளபதியும் வேறு வேறு தெய்வத்தை வணங்கினர்.

இறுதியாக, நம் சைவ அன்பர்கள் நன்கறிந்த பாண்டி நாட்டுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தரை அழைத்ததும், பாண்டியன் சமணத்தைக் கைவிட்டதும், எண்ணாயிரவர் கழுவேறியதும் பெரிய புராணத்திற் கேட்ட செய்திகள். பெரிய புராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. கழுவேற்றத்தைக் கூறும் அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் இல்லை. வாதும் பகையும் இருந்தன என்பதில் ஐயமில்லை. அரசன் சமணரை விட்டான் என்பதும் உண்மையாகலாம். ஆயின் பாண்டி நாடு அவர்களை விட்டதா என்பது வேறு வினா.

அவ்வினாவோடு கோவிற்பட்டிக்கு அண்மையிலுள்ள கழுகுமலைக்கு ஏறுவோர், சம்பந்தர்க்கு நூறாண்டுக்கு மேற்பட்ட எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாறைச் சரிவெங்கும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரரைக் காண்பர். அடியில் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துப் பொறிப்புகள். பல ஊர்களிலிருந்து வந்தோர் தத்தம் ஊர்ப்பெயரோடு செய்வித்த உருவங்கள் அவை; தச்சரும் குயவரும் போன்ற தொழிலாளரும் அவருட் காணப்படுகின்றனர். குரத்தியார் எனப்படும் பெண் ஆசிரியரின் பெயர்களும், அவரிடம் பயின்ற மாணாக்கரின் பெயர்களும் பல உள்ளன. அம்மாணாக்கருள் ஆடவரும் இருந்தனர்.

அம்மலையின் மறுபுறத்தில், பாண்டியர் கலையின் மணிமுடி எனத்தக்க சிவன் கோயில் ஒன்று உண்டு. வெட்டுவான் கோயில் என்பர். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தனர். விமானமும் கந்தருவரும் நந்திகளும் உயிர்பெற்று நிற்க, அடிப்பகுதி உளிபடாத பாறையாகவே இருக்கின்றது. வேலை ஏன் நின்றது என்று சொல்வார் இல்லை. அங்கிருந்து இறங்கி மறுபுறம் வந்தால், பெயர் பொறித்த அச்சிற்றுருவங்கள் மாலை வெயிலில் வரிசையாகத் தெரியும்.